படுக்கையிலும் ஓடிய கால்கள்

பினாங்கில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. முப்பதுகளின் தொடக்கம் என்று வையுங்களேன். கல்யாணமாகி ஆயர் ஈத்தாமுக்கு நான் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். என் கணவருக்கு டிராம் ஓட்டும் வேலை. அவருடைய தம்பிக்கு டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை.

கொழுந்தனாரைப் பள்ளிக்கூடத்தில் குண்டன் என்று கேலி செய்வார்களாம். அதனாலோ என்னவோ, நான் பார்த்த நாள் முதல் அவர் உடற்பயிற்சிதான். அண்ணன் ஓட்டும் டிராமில்கூட ஏறமாட்டார்; அதன் பக்கத்திலேயே ஓடி வேலைக்குப் போவார். சாயங்காலம் சீனக் கோயில் படிகளில் ஏறி இறங்குவார். பிறகு வீட்டில் தண்டால். சாப்பிடக் கூப்பிட்டால், "ஆபீஸ்லயே சாப்பிட்டேன் அண்ணி" என்பார். தெருவே அவரை மெச்சியது. எங்களுக்கும் பெருமைதான்.

ஒரு நாள் காலை, டவுன் பாசாரில் மீன், காய்கறி வாங்க நானும் அந்த டிராமில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஓடிவந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் முந்திப் போனார். அடுத்த கணம் பிரேக் கிறீச்சிட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் என்மேல் வந்து விழுந்தார்கள். இறங்கி ஓடினேன். தண்டவாளத்தின் குறுக்கே அவர் மயங்கிக் கிடந்தார். அவர் தலைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது.

என் கணவர் தம்பியை அள்ளித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே திகைத்து நின்றார். "என்னம்மா இது, கனமே இல்லையே!" சட்டையைத் தளர்த்தினால் உள்ளே இன்னொரு சட்டை, அதற்குள்ளே இன்னொன்று. கடைசியில் தெரிந்தது தோல் போர்த்திய எலும்புக்கூடு. ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பார்த்தார். நாடி மிகவும் தளர்ந்திருந்தது. எழுந்து நடக்கவே கூடாது, கஞ்சி, பால், முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும் என்றார். எல்லாம் போனது. ஆனால் எடை மட்டும் ஏறவில்லை.

ஏன் என்று ஒரு மத்தியானம் கண்டேன். தட்டியை விலக்கினால், மல்லாந்து படுத்திருக்கிறார், போர்வை ஆடுகிறது. விலக்கினேன். இரண்டு கால்களும் மாறி மாறி மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. குதிகால் தோல் உரிந்து விரிப்பெல்லாம் ரத்தம். முகமெல்லாம் கண்ணீர்.

"தம்பி, நிறுத்துங்க!"

"முடியல அண்ணி. ஒரு வாய் கஞ்சி உள்ள போனா போதும், எந்திரி, எந்திரின்னு உள்ள ஒருத்தன் விரட்டுறான்."

இதை அவர் ஆசைப்பட்டுச் செய்கிறார் என்றல்லவா அதுவரை நினைத்திருந்தோம்!

கட்டிப் போட்டுவிடலாம் என்றார் நர்ஸ். டாக்டர் ஒப்பவில்லை. "கட்டினால் பயம்தான் கூடும்" என்று சொல்லிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவரிடமே விசாரித்தார். சாப்பிட்டு முடித்த கையோடுதான் அந்த விரட்டல் தாங்க முடியாமல் போகிறது என்று தெரிந்தது. "சாப்பிட்ட பிறகு ஆராவது பக்கத்தில் இருங்கோ. ஏச வேண்டாம், புகழவும் வேண்டாம். அது அடங்கும் வரைக்கும் ஏதாவது கதையுங்கோ" என்றார் எங்களிடம். உடம்பு தேறினால் வராந்தாவில் மெதுவாக நடக்கலாம், அதுவும் துணையோடுதான் என்றார்.

நானும் கணவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். முதலில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேர்த்து நடுங்குவார். ஒரு தடவை என்னைக் கத்தி விரட்டினார், இன்னொரு தடவை பாலைத் தட்டிவிட்டார். நான் மீன் விலை, மழை என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே இருப்பேன். அப்படியே வாரங்கள் போயின. ஒரு நாள் கஞ்சி குடித்தவர், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். போர்வை அசையவில்லை. வெளியே வந்து அழுது தீர்த்தேன்.

அவர் பிழைத்தார், வீடு வந்தார். அந்த விரட்டல் முழுதாக விட்டுப்போனது என்று சொல்லமாட்டேன். சில நாள் சாப்பிட்ட தட்டோடு வந்து, "அண்ணி, கொஞ்ச நேரம் பேசிட்டிருங்களேன்" என்பார். கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கும் யாரையாவது ஓயாத உழைப்பாளி என்று ஊரே புகழ்ந்தால் எனக்கு மனம் பதறுகிறது. அந்த மனிதரால் ஒரு நாளாவது சும்மா இருக்க முடிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.