சட்டையில் குத்திய மைக்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக் கைபேசிகள் எல்லாம் அரிசி வாளிக்குள் போய்விடும். இங்கிலாந்தில் நடக்கும் உதைபந்தாட்டம் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நாங்கள் உறங்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. முடிவு தெரியாமல் காலையில் மறுஒளிபரப்பைப் பார்க்க வேண்டுமென்றால் கைபேசியைத் தொடக்கூடாது. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவள் என் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வாளி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

ஒன்பது வருடங்கள் அப்படிப் போயின. ஹில்ஸ்பரோவில் உள்ள எங்கள் வீட்டின் சிறிய கூடத்தில், மடியில் புட்டுக் கோப்பையோடு, அவளும் நானும் சண்டை இல்லாமல் கதைத்த ஒரே விஷயம் அதுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பந்து ஓடிக்கொண்டிருக்கும் வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சோபாவில் நான் தனியாக இருக்கிறேன். அவள் திரும்பி வந்து உட்காருவாளா என்று தெரியாது.

கடந்த சில வருடங்களில் ஒளிபரப்பு மெல்ல மெல்ல மாறியது. வீரர்கள் புகைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக, பெயர் முழங்க ஓடி வந்தார்கள். உடைமாற்றும் அறைக்குள் கமரா போனது. இடைவேளைக்கு நடந்துபோகும் பயிற்சியாளரை ஒரு பெண் மைக்கோடு துரத்தினார். பயிற்சியாளர் மூச்சு வாங்க எதையோ சொன்னார், அதில் ஒன்றும் இருக்கவில்லை. திரையின் மூலையில் எந்த அணி வெல்லும் என்று ஒரு சதவீதம் ஏறி இறங்கியது. தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தினால் கார் விளம்பரம் வந்தது. அமெரிக்கர்கள் தங்கள் விளையாட்டுகளை இப்படித்தான் காட்டுகிறார்கள் என்றார்கள். அவர்களுடைய ஆட்டம் நின்று நின்று நடப்பது, இடைவெளியை எதையாவது போட்டு நிரப்பத்தான் வேண்டும். எங்களுடையது நிற்காமல் ஓடுவது. அந்த ஓட்டத்துக்காகத்தான் நான் அதைப் பார்த்தேன்.

சில ஞாயிறுகளில் பக்கத்து வீட்டு மதுரைக்காரரும் வருவார். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து நேரே வந்து எங்கள் தேநீரைக் குடிப்பார்.

"என்ன சார் இது, மேட்சுக்கு நடுவுல விளம்பரமா, விளம்பரத்துக்கு நடுவுல மேட்சா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரெண்டும் இல்லை. அவங்கட கதைக்கு நடுவிலை ரெண்டும்."

"ஆமா, மூணு பேரு உசரமான ஸ்டூல்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. கோல் போட்டாலும் சிரிப்பு, கால் ஒடிஞ்சாலும் சிரிப்பு."

எனக்கு எல்லாவற்றிலும் பிடிக்காதது ஒன்று இருந்தது. ஒரு வீரன் பெனல்டி அடிக்கப் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போது, அவனை விட்டுவிட்டுப் பார்வையாளர் வரிசையில் இருக்கும் அவனுடைய தாயைக் காட்டுவார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். "உது அவவின்ரை பயம். அதை ஏன் எங்களுக்குக் காட்டுறாங்கள்?" என்பேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்து, அதுதான் முழு ஆட்டத்திலும் நல்ல இடம் என்று ஆங்கிலத்தில் சொல்வாள்.

அவளும் ஒரு கழகத்துக்காக விளையாடுகிறாள். மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்து மைதானம், சனிக்கிழமை மதியம். இந்தப் பருவத்தில் கோல்காப்பாளரின் தாய் ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார். நல்ல பெண்மணி, உற்சாகமானவர். தொலைக்காட்சியில் வருவதையெல்லாம் தானும் செய்து பார்த்தார். இரண்டு கமரா, மெதுவாக ஓடும் மறுகாட்சி, இடைவேளைப் பேட்டி. அரையிறுதி நாளன்று பெற்றோரில் ஒருவரின் சட்டையில் மைக் குத்துவோம் என்றார். என்னைத் தேர்ந்தெடுத்தார். "நீங்கள்தான் வாயே திறக்காதவர்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

மறுக்கத்தான் நினைத்தேன். மைதானத்திலிருந்து மகள் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். சம்மதித்தேன்.

ஆங்கிலத்தில் மிகக் கவனமாக இருந்தேன். நடுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றாக ஆடினீர்கள் பிள்ளைகளே என்று இரண்டு முறை சொன்னேன். ஆனால் மனைவியோடு தமிழில் கதைப்பதைக் கதைப்பதாகவே நான் எண்ணவில்லை. இருபது வருடப் பழக்கம் அது. கடை வரிசையில் முன்னால் நிற்பவரைப் பற்றி, வைத்தியரின் காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி, அவர்கள் முகத்துக்கு நேரேயே கதைத்திருக்கிறோம். இந்த ஊரில் தமிழ் எங்களுக்குக் கதவு சாத்திய அறை. மைக் குத்தியிருப்பது தெரிந்தும் அந்த அறைக்குள் நின்றே கதைத்தேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது எங்களுக்குப் பெனல்டி கிடைத்தது. மகள் பந்தை எடுத்தாள். யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, அவளே போய் எடுத்தாள்.

"இவள் அடிக்கமாட்டாள்," என்றேன் மனைவியிடம். "கால் நடுங்கும். என்னை மாதிரித்தான். வேற ஆருக்கும் குடுத்திருக்கலாம்."

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

அவள் அடித்தாள். வலையின் இடது மூலை. நான் குதித்தேன், அழுதேன், முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்தேன்.

மாலையில் அணியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு காணொளி வந்தது. பெரிய சட்டத்தில் மகள், மூலையில் சின்னச் சட்டத்தில் என் முகம். பின்னால் மெல்லிய இசை, அதற்கு மேலே என் குரல், தெளிவாக. தொகுத்தவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்டது கவலைப்படும் ஒரு தகப்பனை. அத்தனை பேரும் இதயம் போட்டார்கள். மனைவி சத்தத்தைக் குறைத்து வைத்தே பார்த்துவிட்டு, பெருமையோடு பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட்டாள். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது. "சார், பாப்பா இதைக் கேட்டுச்சா?"

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சமையலறை மேசையில், காதில் இயர்போனோடு. ஒரு பக்கத்தைக் கழற்றினாள். தோழிகள் நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறார்களாம்.

"நீ என்ன சொன்னனி?"

நான் பிரார்த்தனை செய்ததாகச் சொன்னாளாம்.

"அது உன்னைச் சொன்னதில்லையம்மா. என்ரை பயம் அது."

"இட்ஸ் ஃபைன், அப்பா."

அறைக்குள் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு அரிசி வாளிக்குள் என் கைபேசி மட்டும் கிடந்தது. அவள் முடிவைத் தன் கைபேசியில் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்றாள். மதுரைக்காரர் வந்தார். தொலைக்காட்சியில் யாருடைய தாயையோ காட்டினார்கள். நாங்கள் இருவரும் தேநீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறுதி ஆட்டத்தன்று மழை. நான் மைதானத்துக்குள் போகவில்லை. கமரா என் முகத்தைத் தேடும், அவளுக்கு மறுபடியும் அந்தத் தொல்லை வேண்டாம் என்று காருக்குள் இருந்து கைபேசியில் நேரலையைப் பார்ப்பதாக மனைவியிடம் சொன்னேன். மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மனைவி குடையோடு இரண்டு மடக்கு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போனாள். வழக்கம்.

நேரலை அரை நிமிடம் பிந்தித்தான் வரும். மைதானம் நூறு அடி தூரத்தில் இருந்தது. இரண்டாம் பாதியில் நடுவர் எங்களுக்குப் பெனல்டி கொடுத்ததைக் கைபேசி எனக்குக் காட்டிய அதே கணத்தில், மூடிய கண்ணாடியையும் மழையையும் தாண்டி அந்தச் சத்தம் வந்தது. இருபது முப்பது பேர் ஒன்றாக மூச்சை விடும் சத்தம். பின்னர் எதிரணிப் பக்கத்தின் கைதட்டல். மைதானத்தில் அது முடிந்துவிட்டது.

திரையில் அவள் அப்போதுதான் பந்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். கோலைப் பார்க்கவில்லை. நாங்கள் எப்போதும் நிற்கும் பக்கத்தைப் பார்த்தாள். கமராவும் அவள் பார்த்த இடத்துக்குத் திரும்பியது. குடைக்குள் என் மனைவி, பக்கத்தில் மழைநீர் தேங்கிய வெறும் நாற்காலி. கமரா அங்கேயே நின்றது. திரும்ப அவளைக் காட்டியபோதும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஓடி வந்து அடித்தாள். நான் கண்ணை மூடவில்லை.

ஆட்டம் முடிந்து காருக்கு வந்தார்கள். சேறு பிடித்த சப்பாத்துகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவள் பின் இருக்கையில் ஏறினாள். கார் ஒனஹங்காவைத் தாண்டியது. பிறகு அவள் கேட்டாள். தமிழில் கேட்டாள். கடைசியாக அவள் என்னிடம் தமிழில் எதையாவது கேட்டது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

"எங்கை நிண்டனீங்கள், அப்பா?"

"காருக்குள்ளை."

"அடிக்கமாட்டன் எண்டு நினைச்சுத்தான் வரேல்லையோ?"

"இல்லை" என்றேன். மனைவி என் பக்கம் திரும்பவில்லை. பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். மகள் இயர்போனைக் காதுக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.