எதிர்ப்பக்கத்து இலை

"எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுருமாமே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். சோற்றைக்கூட குக்கர்தான் பொங்குகிறது. பிறகு ஏன் ஒரு வீட்டில் குழைகிறது, இன்னொரு வீட்டில் பருக்கை பருக்கையாக வருகிறது? ராஜபாளையத்தில் என் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் ஒன்று ஓடுகிறது. ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தச் சாய்வில் ஓட வேண்டும், எங்கே நின்று அறுபட வேண்டும் என்று லேப்டாப்பில் வரைந்து அதற்குச் சொல்லிக்கொடுப்பது நான். தப்பாக ஒரு கோடு இழுத்தால் அதையும் பயபக்தியோடு தைத்து வைக்கும்.

செடிகொடி போடுவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தப் பக்கம் ஆள் இல்லை. சாஃப்ட்வேரோடு இனாமாக வந்த பூக்களை நான் தொடுவதே கிடையாது. அது என்ன பூ என்று கேட்டால் பூ என்று மட்டும்தான் சொல்ல முடியும். நான் ஆவாரம்பூ போட்டால் அது ஆவாரம்பூ. முருங்கைக்கீரை போட்டால் உட்கார்ந்து ஆய்ந்துவிடலாம் போல இருக்கும். "ஒனக்கு வாய் ஜாஸ்தி" என்பார் என் வீட்டுக்காரர். கையும் ஜாஸ்திதான் என்று பதில் சொல்வேன்.

சுந்தரபாண்டியத்துப் பெண் ஒருத்தி ஒருநாள் மஞ்சப்பையோடு வந்தாள். கல்யாணப் பெண். பைக்குள் சந்தன நிறத்தில் ஒரு பழைய பருத்திப் புடவை இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடும் மேசைக்கு அதில் விரிப்பு வேண்டும் என்றாள். ஆளுக்கொரு வாழையிலை, சுற்றிலும் பிச்சிக்கொடி. "புதுத் துணி வாங்கிக்கயேன், இது மெல்லிசா இருக்கே" என்றேன்.

"இது எங்கம்மா சேலைக்கா" என்றாள்.

அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் கல்யாணத்தையே அவசரமாக வைத்திருந்தார்கள். மண்டப வாசலில் அம்மா படம் வைக்கலாம் என்று இவள் கேட்டதற்கு, "நல்ல காரியத்துல போனவிய படம் எதுக்கு?" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளாம். அப்பா பட்டாளத்தில் இருந்து வந்து விவசாயம் பார்ப்பவர். அந்த அத்தை அவருக்கு அக்கா, அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். "அம்மா அங்கன எப்படியாச்சும் இருக்கணும்க்கா. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். நான் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன்.

சேலையை மடித்து அடியில் கனத்த துணி கொடுத்தேன். வாழையிலைக்கு மட்டும் மூன்று பச்சை எடுத்தேன். நடுநரம்பிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வரிகளுக்குத் தையலின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனேன். வெளிச்சம் பட்டால் நிஜ இலை போல மினுங்கும். ஜாக்கெட் கழுத்துக்கு டிசைன் போடும்போது நாங்கள் ஒரு பாதியை மட்டும்தான் வரைவோம். மிரர் பட்டனை அமுக்கினால் மறுபாதி தானே வந்து நிற்கும். இதிலும் அப்படித்தான். இடக்கோடியில் பெண்ணின் இலையை வரைந்தேன், மிரரை அமுக்கினேன், வலக்கோடியில் மாப்பிள்ளை இலை வந்து உட்கார்ந்தது. நடுவில் தாம்பூலத் தட்டு வைக்க இடம் விட்டேன். தைத்து முடித்ததும் தூரத்தில் நின்று பார்த்தேன். எனக்கே திருஷ்டி சுற்றிப் போடலாம் போல இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் வாங்க வந்தாள். மேசையில் விரித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே குனிந்தவள் வலக்கோடிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, நுனி மாறிக் கெடக்கு."

பார்த்தேன். சாப்பிட உட்காருகிறவருக்கு இலை நுனி இடக்கைப் பக்கம் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நுனி வலக்கைப் பக்கம் வந்தால் அது எழவு வீட்டு இலை. செத்துப்போன அம்மாவின் சேலையில், மாப்பிள்ளைக்கு, எழவு வீட்டு இலையை நான் மின்ன மின்னத் தைத்து வைத்திருக்கிறேன்.

"அத்தை பாத்தா அவ்ளோதான். சேலையத் தூக்கி எறிஞ்சுரும்" என்று அழ ஆரம்பித்தாள். பிரிக்கலாமா என்று கேட்டாள். பிரித்தால் அந்த மெல்லிசுத் துணி சல்லடையாகிவிடும். வேறு துணி கடையில் கிடைக்கும். வேறு அம்மா சேலைக்கு எங்கே போவது?

எனக்கு அழத் தெரியாது, கோபம்தான் வரும். "ஏட்டி, கண்ணத் தொடச்சுக்க. செத்த நேரம் யோசிக்க விடு" என்று அதட்டினேன். எந்தத் துணிக்கும் ஒரு வழி உண்டு என்பது என் கட்சி. மேலே இன்னொரு பூவைப் போட்டு மூடலாமா என்று பார்ப்பதற்காக மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனேன். குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தேன்.

"இங்க வந்து பாரு."

வந்தாள். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் அதே இலையின் நுனி இடக்கைப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் உட்காருகிறவருக்கு அது சரியான இலை. ஒரு குறையும் இல்லாத இலை.

"அந்தப் பக்கம் யாரும் உக்கார மாட்டாகளேக்கா. போட்டோவுக்குன்னு காலியாத்தான விடுவாக" என்றாள். சொல்லிவிட்டுச் சேலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அங்கன அம்மா உக்காரட்டும்" என்றாள்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நடுவில் தட்டுக்கு விட்ட இடத்தில் மாப்பிள்ளைக்குப் புது இலை. மிரர் பட்டன் பக்கமே கை போகவில்லை. பெண்ணின் இலையை அப்படியே நகல் எடுத்து வைத்து மெஷினை ஓட்டினேன். துணி ஒரு இடத்தில் சுருங்கப் பார்த்தது. வேகத்தைக் குறைத்து, பக்கத்திலேயே நின்று, மிரட்டாத குறையாகத் தைக்க வைத்தேன். சாயங்காலம் அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு நானும் போனேன். என் சரக்கு சபைக்கு வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்ததும் அத்தை விரிப்பை ஒரு நோட்டம் விட்டாள்.

"ரெண்டு பேருக்கு மூணு எலை எதுக்கு? அதுவும் ஒண்ணு அந்தப் பக்கமா?"

"டிசைனே அப்படித்தான்மா" என்றேன், கூசாமல். "இப்ப அதான் பேஷன்."

பெண்ணின் அப்பா பரிமாறுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தார். மேசையருகே வந்தவர் விரிப்பின் தொங்கலை விரல்களால் பிடித்தார். பிச்சிக்கொடிக்குக் கீழே நான் வெட்டாமல் விட்டிருந்த பழைய சேலைக் கரையை மெதுவாகத் தடவினார். மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அக்கா, செத்தச் சும்மா இரு" என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்த அக்கா கேட்டதே இல்லை போல, திறந்த வாயோடு நின்றாள்.

இலை போடுகிறவரிடமிருந்து ஒரு நல்ல நுனி இலையை அவரே வாங்கினார். எதிர்ப்பக்கம் போய், நான் தைத்த இலையின் மேலேயே நுனி பார்த்து விரித்துத் தண்ணீர் தெளித்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். பரிமாறுகிறவர் வரிசையாகப் பால்கோவா வைத்துக்கொண்டு வந்து, ஆளில்லாத அந்த இலையிலும் ஒரு கரண்டி அள்ளினார்.

பெண்ணின் அப்பா சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"அவளுக்குச் சுகர் இருக்குப்பா. கொஞ்சமா வையி."