முன்வரிசையில் அப்பா, மேடையில் பிணம்

பீட்ரூட் அவித்த தண்ணீர், சீனிப்பாகு, கொஞ்சம் கோதுமை மா... இந்த மூன்றும் கலந்த வாசம் எங்காவது வந்தால் இன்றைக்கும் நான் அப்பாவின் சட்டையைத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

பதுளையில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அந்தக் கலவை என் அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்க வழிந்துகொண்டிருந்தது. சட்டை மட்டுமா? வேட்டி, மூக்கு, காது, மீசை...

விஷயம் இதுதான். சதீஷ் அப்போது பதுளையில் ஒரு ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை. நான் அதே தெருவில் ஒரு பார்மசியில். இரண்டு வருடப் பழக்கம். வீட்டில் சொன்ன நேரம் பார்த்து மொனராகலையில் இருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது.

அப்பா கத்தவில்லை. "பையன ஒருக்கா பாக்குறேன். புடிக்கலன்னா மொனராகலைக்கு வாக்கு குடுத்துருவேன். அப்புறம் அழக்கூடாது" என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதைவிட அவர் கத்தியிருக்கலாம்.

சதீஷ் ஒரு ஹெவி மெட்டல் பேண்டில் பாடுகிறவன். நான் ஒரு ஷோகூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதைவிட, அவனுக்கு விழுகிற கைதட்டலை அப்பா நேரில் பார்க்கட்டும் என்று யோசித்தது நான்தான். என் மூளை அப்படி!

"சரி, கூட்டிட்டு வா. ஆனா முன்னால வேணாம். பின்னால உக்கார வையி" என்று அவன் கெஞ்சினான். எனக்கு வந்ததே கோபம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமோ திருவிழாவோ, பெரியவர்களைப் பின்னால் உட்கார வைத்தால் அந்தப் பேச்சு அடுத்த வருடம் வரைக்கும் ஓயாது.

"எங்கப்பா என்ன ஒனக்கு எளக்காரமா? மொத வரிசையில, நடுவுல போடு!"

போட்டான். பாவம்.

அப்பா சலவை செய்த வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் கறுப்பு டீசேர்ட், நீள முடி. முதல் கிட்டார் சத்தத்தில் உட்கார்ந்திருந்த கதிரையே அதிர்ந்தது. சதீஷ் முகமெல்லாம் வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு அப்பி, கிழிந்த பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு சவப்பெட்டிக்குள் இருந்து எழும்பி வந்தான். பாடவில்லை... உறுமினான். மொனராகலைக்கு எந்த பஸ்ஸில் என்னை ஏற்றி விடுவார்கள் என்று நான் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கதைப்படி அவன் செத்தும் திரும்பி வந்த ஒரு கொடுங்கோல் ராஜா. கடைசிப் பாட்டில் அவனை வெட்டுவார்கள். கோடரி இறங்கியதும் ஒருவன் முதுகில் டேங்கோடு வந்து குழாயை நீட்டினான். சளேரென்று முன்வரிசைக்கே பீட்ரூட் ரத்தம்!

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷோ முழுவதிலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, அது புல்லுக்கு மருந்தடிக்கிற டேங்க்கு தானே? கழுவுனானுகளா?"

சதீஷ் செத்து விழுந்தான். விளக்கு அணையும் வரை பிணமாகவே கிடப்பதுதான் அவர்கள் ஷோவின் பெருமை. அன்றைக்கு என்ன கோளாறோ, விளக்கு அணையவில்லை. சனம் கைதட்டிவிட்டு வாசல் பக்கம் நகரத் தொடங்கியது. அவன் அசையவில்லை.

அப்பா எழுந்தார். எனக்கு உயிர் போய்விட்டது.

எங்கள் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்தில் வேஷம் கட்டியவர் விழுந்தால், அப்படியே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பெரியவர் ஒருவர் தண்ணீர் தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டம் கலையும். அப்பா வருடக்கணக்காகக் கூத்தில் நின்றவர்.

"பையன் கெடக்குறான், எல்லாரும் போறானுக" என்று முணுமுணுத்தபடி மேடையில் ஏறினார். டிரம்ஸ்காரனின் தண்ணீர்ப் போத்தலை எடுத்து சதீஷின் முகத்தில் தெளித்தார். குனிந்து, "சதீசு... எந்திரிப்பா. கூத்து முடிஞ்சிருச்சு" என்றார். பக்கத்தில் கிடந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

வாசலுக்குப் போன கூட்டம் திரும்பியது. கோடரிக்காரன், "எழும்பாத மச்சான்!" என்று பல்லைக் கடித்தான்.

சதீஷ் கண்ணைத் திறந்தான். "ஒண்ணுமில்ல மாமா, நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து நின்றான். மண்டபமே விசிலில் ஆடியது.

பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தது. தெமோதரை ஊர் தாண்டியதும் சொன்னார். "மொனராகலைக்கு நாளைக்கே வேணாம்னு சொல்லிரணும். பாவம், அவங்கள காக்க வைக்கக் கூடாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு பிரசவ அறையில்தான் பார்த்தேன்.

பதினோரு வருடமாகிவிட்டது. டிரம்ஸ்காரன் கட்டாரில், கோடரிக்காரன் கொரியாவில். சதீஷ் முடியை வெட்டிவிட்டு, சட்டையை இன் பண்ணிக்கொண்டு மகளின் ஸ்கூல் மீட்டிங்குக்குப் போகிறான். இப்போது பிள்ளைகள் எடிட் பண்ணின ஃபோட்டோவைக் காட்டித்தான் கல்யாணம் பேசுகிறார்கள். என் மாப்பிள்ளையை அப்பா முதன்முதலில் பார்த்ததே சவப்பெட்டிப் பிணமாக. சில பின்னேரங்களில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்போது, அந்த உறுமலை இன்னும் ஒரு தடவை கேட்கவேண்டும் போல இருக்கும்...

போன தீபாவளிக்கு அப்பாவிடம் கேட்டேன். "அன்னைக்கு உண்மையிலேயே அவரு பாட்டு புடிச்சிதாப்பா?"

"பாட்டா? ஒரு எழவும் வெளங்கல" என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார்.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால, அவன் மானம் போனாலும் பரவால்லன்னு, நான் கூப்ட்டதும் எந்திரிச்சான்ல... ஒன்னய குடுக்க எனக்கு அது போதும்னு தோணுச்சு."