அவள் சேலையில் கட்டிய தொட்டில்

பதுளையில் எங்கள் வீட்டு மேல் அறையை வாடகைக்கு விடுவது மருமகளின் யோசனை. எனக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. மகன் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த காசில் கட்டிய அறையில் வேற்றாள் படுப்பதா என்று கேட்டேன். "சும்மா கெடந்தா பல்லிதான் படுக்கும் மாமி" என்றாள். முதலில் ஒரு வாத்தியார் இருந்தார். பிறகு வங்கியில் வேலை செய்த ஒரு தம்பி இருந்தான். அதன் பிறகுதான் அந்தப் பெண் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு நோர்வேக்குப் போய் அங்கேயே வளர்ந்து கலியாணமும் முடித்தவள். பிள்ளை இல்லை. பண்டாரவளைப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். பதுளைக் கோட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது. புருஷனுக்கு லீவு முடிந்து அவர் முன்னாலேயே போய்விட்டார். பிள்ளைக்குப் பாஸ்போட்டும் விசாவும் வரும்வரை இவள் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு இது சொந்த ஊர். அவளுக்கு இது வெளிநாடு. போத்தல் தண்ணீர்தான் குடித்தாள். அட்டை கடிக்குமென்று பயந்து முற்றத்தில் இறங்கும்போதெல்லாம் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும். சுவரைப் பிடித்து நடக்கும். பேச்சு இல்லை. கண் மட்டும் பெரிசு.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தவள் நான். பெண்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்கவில்லை, எழுத்துக்கூட்டி எழுதுவேன், அதற்கு எனக்கு நேரம் இருக்கிறது. ஆனால் என் கையில் வந்து அழுகை நிறுத்தாத பிள்ளை அந்தத் தோட்டத்தில் இருந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், இருக்கட்டும்.

வந்த முதல் நாள்களில் மத்தியானமானால் மேலே ஒரே அழுகை. மடித்து விரிக்கிற வலைக்கட்டில் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அமுக்கினால் கடல் இரைகிற மாதிரிச் சத்தம் போடுகிற கரடிப் பொம்மையும் இருந்தது. பிள்ளைக்குக் கடலும் பிடிக்கவில்லை, கரடியும் பிடிக்கவில்லை. உடம்பைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு கத்தும். நான் படியேறிப் போய் வாசலில் நின்றேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, உங்களுக்குச் சரியான கரைச்சல் குடுக்கிறம்" என்றாள்.

"பிள்ளன்னா அழத்தான் செய்யும். கொண்டாங்க இப்பிடி."

பின் தாழ்வாரத்தில் தகரக் கூரையைத் தாங்கி ஒரு நல்ல மரம் போகிறது. அதில் என் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டுத் தொட்டில் கட்டினேன். வாய் விரிந்து நிற்கக் குறுக்கே ஒரு கம்பு வைத்தேன். பிள்ளையைப் போட்டு ஆட்டினேன். தாலாட்டு இரண்டாவது அடிக்கு வருவதற்குள் கண் சொருகிவிட்டது. அவள் வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். நான் ஒன்றும் நடக்காத மாதிரி வெற்றிலை மடித்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை என் பிள்ளையாகிவிட்டது. என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், படியில் குந்திக் குந்திக் கீழே இறங்கி வரும். பாலில் ஊறவைத்த ரொட்டியை என் விரலால் ஊட்டினால்தான் வாய் திறக்கும். தாய் ஊட்டினால் துப்பும். நான் குளிக்கப் போனால் கதவில் தட்டும்.

"நல்லாப் பழக்கிட்டீங்க மாமி" என்றாள் மருமகள். "விசா வாறப்ப உங்களுக்கும் ஒண்ணு சேத்து எடுக்கச் சொல்லணும்."

"எடுக்கட்டுமே. ஒனக்கு ஒரு வாய் கொறையும்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு இனித்தது. மடுவத்தை விட்ட பிறகு ஒரு பிள்ளை இப்படி என் இடுப்பில் ஒட்டிக்கொண்டதில்லை. வளர்ந்த பேரப்பிள்ளைகள் எந்நேரமும் போனில்தான் இருப்பார்கள்.

தினமும் சாயந்தரம் புருஷன் போனில் முகம் காட்டிப் பேசுவார். ஒரு நாள் அவள் போனைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தாள்.

"செல்லம், இஞ்ச பாருங்கோ, அப்பா! அப்பாக்குக் கை காட்டுங்கோ!"

பிள்ளை என் தோளில் முகத்தை வைத்திருந்தது. திரும்பவில்லை. "உம்மட்ட ஏன் நிக்கேல்லை?" என்று அந்த மனிதர் சாதாரணமாகத்தான் கேட்டார். "இப்பதான் அம்மாட்டப் போனவள்" என்று சொன்னாள். அது பொய். காலையிலிருந்தே பிள்ளை என்னிடம்தான் இருந்தது.

மறுநாள் குழாயடியில் பிள்ளையின் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தவள், நிமிராமலே பேசினாள்.

"அம்மா, நான் ஒண்டு சொல்லட்டே. இவளுக்கு என்னைப் பிடிக்கேல்லை."

"அட, என்ன பேச்சு இது. பழகிரும்."

"ஆரோட?"

நான் சோப்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"விசா வந்தா இவளை நான் பிளேனில ஏத்தோணும். உங்களட்ட இருந்து பிடுங்கித்தான் ஏத்தோணும். பிள்ளை பிடிகாரர் மாதிரியெல்லோ இருக்கும்? விசா வராட்டிலும் நல்லம் எண்டு காலமை நினைச்சனான் அம்மா. இவருக்குச் சொல்லேல்லை." பிழிந்த சட்டையை இன்னும் ஒரு தரம் பிழிந்தாள். "பேசாமல் திருப்பிக் குடுத்திட்டுப் போனால் அவளுக்கு நல்லமோ எண்டு யோசிக்கிறன்."

பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைத் தூக்கி அவள் கையில் கொடுக்கலாம் என்று குனிந்தேன். அது வீரிட்டது. மறுபடி இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஒரு மத்தியானம் மழை. பிள்ளை தொட்டிலில் தூங்கியது. அவளுக்கு மேலே போக மனமில்லை. தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து மடுவத்தைப் பற்றிக் கேட்டாள்.

"கனக்கத் தொட்டில் இருந்ததோ?"

"வரிசையா இருக்கும். செகப்பு, பச்ச, பூப்போட்டதுன்னு பாக்கவே திருவிழா மாதிரி இருக்கும்."

"எல்லாம் உங்கட சீலையோ?"

"நல்லாருக்கே கத! எனக்கு ஏது அத்தன சேல? அவங்கவங்க அம்மா சேலதான். காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்கிற எடத்துக்கு ஓடுறப்ப, பிள்ளையோட சேலையையும் கொண்டாந்து குடுக்கணும். அதுலயும் தொவச்ச சேல குடுத்தா நான் வாங்க மாட்டேன். உடுத்துன சேலையாக் கொண்டாடின்னு தொரத்திருவேன். ஒருக்கா ரெண்டு பிள்ளைக்குச் சேலைய மாத்திக் கட்டிட்டேன். ரெண்டும் ஒரே நேரத்துல அலறுச்சு பாருங்க, கணக்கப்பிள்ள ஓடி வந்துட்டாரு, ஏதோ தீப்பிடிச்சிருச்சுன்னு. ஏன்னா பிள்ளைக்கு அந்த வாசந்தான் அம்மா. மத்தவ சேலையில படுத்தா அது..."



இரண்டு பேரும் தொட்டிலைப் பார்த்தோம். அரக்கு நிறம். நான் வெற்றிலைக் கையைத் துடைத்துத் துடைத்துக் கறை ஏறிய சேலை. உள்ளே பிள்ளையின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மழை தகரத்தில் அடித்தது.

"அம்மா" என்றாள் அவள், மெதுவாக. "எனக்கொரு சீலை வேணும்."

அவளிடம் இருந்தது ஒரே ஒரு பட்டுச் சேலை. கோட்டுக்குக் கட்டிப் போவதற்கென்று கொண்டுவந்தது. பட்டு தொட்டிலுக்கு ஆகாது, வழுக்கும். மறுநாள் மருமகளிடம் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸார் தெருவுக்குப் போனோம். கடை முதலாளி எங்களைக் கண்டதும் மினுக்குச் சேலைகளாக இறக்கினார்.

"தங்கச்சிக்குக் கல்யாண வீட்டுக்குங்களா?"

"தொட்டில் கட்ட" என்றேன். "நூல் சேல காட்டுங்க. மெத்துன்னு இருக்கணும். கிழியக் கூடாது."

"தொட்டிலுக்குப் பழைய சேல போதுங்களே அம்மா!"

"பழசாக்கத்தான் வாங்குறோம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவள் இளம் பச்சையில் மஞ்சள் புள்ளி போட்டதை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நானே அதை அவளுக்கு உடுத்திவிட்டேன். காற்சட்டையில் திரிந்தவளுக்குச் சேலையில் நடக்க வரவில்லை. படியேறும்போது கரையை மிதித்துத் தடுமாறினாள். கடைசியில் எங்கள் பெண்கள் மலையில் செய்கிற மாதிரி முழங்கால்வரை தூக்கிச் சொருகிவிட்டேன். மருமகள் பார்த்துவிட்டு, "அக்கா, பெரட்டுக்கு நேரமாச்சு, ஓடுங்க" என்றாள். அந்தப் பெண் எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சேலையைத் துவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதைக் கட்டிக்கொண்டே சமைத்தாள். மீன் கழுவி அதிலேயே கை துடைத்தாள். அதிலேயே படுத்தாள், அதிலேயே வியர்த்தாள். புருஷன் போனில் சிரித்தாராம். பச்சை கொஞ்சம் மங்கி, அவள் வாசம் அதில் ஏறியதும், என் அரக்குச் சேலையை அவிழ்த்துவிட்டு அதே மரத்தில் அவளுடையதைக் கட்டினேன்.

பிள்ளை உள்ளே படுக்கவே இல்லை. எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் சுவருக்குப் பின்னால் மறைந்தேன். இருமினேன் போல, சத்தம் கேட்டு இன்னும் அழுதது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேலை மட்டும் மாறினால் போதாது. நான் அந்த வீட்டில் மூச்சு விடுகிறவரைக்கும் அந்தப் பிள்ளை அவளிடம் போகாது.

ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"மாமி, நீங்களா வீட்ட விட்டுப் போறீங்க?" மருமகளுக்கு நம்ப முடியவில்லை.

"போறேன். போன் எடுக்காத. நானும் எடுக்க மாட்டேன்."

பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பின்வாசலால் இறங்கினேன். என் வீட்டில் நான் பின்வாசலால் போனது அந்த ஒரு தரந்தான்.

லுணுகலையில் என் தங்கச்சி வீடு. என்னைக் கண்டதும், "என்னக்கா, மருமகளோட சண்டையா?" என்றாள்.

"சண்டன்னா அவதான் போவா. நான் ஏன் போறேன்?"

விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்கு இது தேவையா?" என்று கேட்டுவிட்டுப் பரங்கிக்காய் நறுக்கப் போனாள். நானும் கூட இருந்து நறுக்கினேன். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிள்ளை இருந்தது. அது அழும்போதெல்லாம் என் கை தானாக மடியைத் தடவும். தங்கச்சி பார்த்துவிட்டு, "போய்த் தூக்கேன்" என்பாள். "அதுக்கு அம்மா இருக்கா" என்பேன். பதுளை பஸ் வருகிற சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவேன். ஏறமாட்டேன், திரும்பி வருவேன்.

சொன்ன சொல்லை மீறி மருமகள்தான் போன் எடுத்தாள்.

"மொத நாள் பூரா ஒங்களத் தேடி ஒரே அழுக மாமி. அக்காவும் சேந்து அழுதாங்க. ரெண்டு பேருக்கும் நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்."

"பிள்ளைக்குமா?"

"பிள்ளைக்குப் பாலு."

"இப்ப எப்பிடி?"

"அத நான் சொல்ல மாட்டேன். விசா வந்திருச்சு, இந்தக் கெழமையே போறாங்க. வந்து பாருங்க."

மறுநாள் பதுளைக்கு வந்தேன். முன்வாசலால்தான் வந்தேன். தாழ்வாரத்தில் தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது, அப்போதுதான் பிள்ளை எழும்பியிருக்கிறது. அவள் காற்சட்டையோடு நின்றாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்து, தொட்டிலின் பச்சைத் துணியை ஒரு கையால் பிடித்திருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பியது. நான் கை நீட்டவில்லை. கையைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

நன்றாகப் பார்த்தது. பிறகு முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

"ஐயோ செல்லம், ஆச்சியைத் தெரியேல்லையோ?" அவள் பதறிப்போய்விட்டாள்.

"தெரியுது. தெரிஞ்சுதான் ஒளியுது" என்றேன். உள்ளே போய்ப் பையை வைத்தேன். சேலைகளை எடுத்து மடித்தேன், மடித்ததையே இன்னொரு தரம் மடித்தேன். பிறகு வெளியே வந்து எல்லோருக்கும் பிளேன்டீ போட்டேன்.

கொழும்புக்குப் போக வேன் வந்த அன்று, அவள் தொட்டிலை அவிழ்த்துத் துவைக்காமலே சுருட்டிக் கைப்பையில் திணித்தாள்.

"பிளேனுல கட்டுறதுக்கு மரம் இருக்காதே" என்றேன்.

"மடியில விரிப்பன் அம்மா."

பெட்டிகள் ஏறின. வேன் படி உயரம். ஒரு தோளில் பை, கையில் பிள்ளை. அவளால் ஏற முடியவில்லை.

"பிள்ளையக் குடுங்க, ஏறிட்டு வாங்கிக்கங்க" என்று நான் கை நீட்டினேன். உதவிக்குத்தான் நீட்டினேன். பிள்ளை இரண்டு கையாலும் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு காலால் என்னைத் தள்ளியது.

"பாருங்கோ அம்மா இவளை" என்றாள் அவள். "ரெண்டு நாளா இதுதான் கதை. ஒருத்தரட்டயும் போறாள் இல்லை, நிலத்தில விடவும் ஏலாது. ஒரு தேத்தண்ணி குடிக்க விடுறாளே? இடுப்பு முறியுது எனக்கு."

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்துக்கு வரும் பெண்கள், கூடையை இறக்கி வைத்து, பிள்ளையை வாங்கி இடுப்பில் ஏற்றியதும் இந்தக் குறையைத்தான் சொல்வார்கள். ஒருத்திகூடப் பிள்ளையை இறக்கிவிட்டுச் சொன்னதில்லை.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். தோள் பையை மட்டும் வாங்கிக்கொண்டு, அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். "ஏறு."