முதல்ல டெரிலைத் தூக்குங்க

ஐலா கொர்பெலா எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தவள். நெட்டையான, அதிகம் சிரிக்காத பெண். அவள் அப்பா இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கணவன் ஒரு குளிர்காலத்தில் மெக்சிகோ பக்கம் வேலைக்கென்று போனவன் திரும்பவே இல்லை. பிள்ளைகள் இல்லை. வருஷம் முழுக்க அவள் காத்திருந்தது ஜூன் மாதத்துக்காகத்தான். பனி உருகி, பள்ளிக்கூடம் மூடிய மறுவாரம், எங்கள் லூத்தரன் சர்ச்சின் இளைஞர் குழுவைக் கூட்டிக்கொண்டு நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கும் ஏரிகளுக்குப் படகில் போய்விடுவாள். மோட்டார் சத்தமே கேட்காத காடு அது. ஒரு ஏரி முடிகிற இடத்தில் கனூ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகைத் தலைமேல் கவிழ்த்து, மரங்களுக்கு நடுவே சுமந்துபோய் அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். ராத்திரி பாறைமேல் கூடாரம்.

அந்த வருஷம் மூன்று படகுகள். முதல் படகில் ராய் மாக்கி, பெட்ரோல் பங்கில் மெக்கானிக், இரண்டு பையன்களோடு. நடுப்படகில் சிக்னே லாஹ்தி என்ற பெண்ணும் டெரில் என்ற பையனும். இருவருக்கும் பதினாறு வயது. கடைசிப் படகில் ஐலாவும் பாஸ்டரின் மகள் கேரனும்.

போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. ஐலாவின் ஓட்ஸ் கஞ்சியைப் பற்றித்தான் தினமும் கேலி.

"மிஸஸ் கொர்பெலா, இதைக் கொஞ்சம் எடுத்து வைங்க. படகுல ஓட்டை விழுந்தா அடைக்கலாம்," என்றான் டெரில்.

"முதல்ல உன் வாயை அடைக்கிறேன். தட்டை நீட்டு."

திரும்பும் வழியில் பெரிய ஏரிக்கரையில் காற்று பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையிலும் தணியவில்லை. கொண்டுபோன ரொட்டி தீர்ந்து, கஞ்சியும் காபித்தூளும்தான் மிச்சம். மாலையில் இறங்குதுறைக்குப் பெற்றோர்கள் கார்களோடு வந்து நிற்பார்கள்.

"இன்னிக்கும் இங்கயேவா?" என்று கேரன் முனகினாள்.

மத்தியானம் காற்று கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. ராய் ஐலாவைப் பார்த்தான். "என்ன சொல்றே? போயிடலாமா?"

ஐலா தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு, "சரி, கிளம்புங்க. கரையை ஒட்டியே போகணும்," என்றாள்.

பாதி வழியில் காற்று திசை மாறித் திரும்ப எழுந்தது. ராயின் படகு கரை நீட்டிக்கொண்டிருந்த முனையைத் தாண்டி மறைந்துவிட்டது. ஐலாவின் கண்ணெதிரே நடுப்படகு பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழ்ந்தது. அவள் போட்ட கூச்சல் ராய்க்குக் கேட்கவில்லை.

இருவருமே மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். ஆனால் பனி போய் ஒரு மாதம்கூட ஆகாத தண்ணீர் அது, கொஞ்ச நேரத்திலேயே உடம்பை விறைக்க வைத்துவிடும். டெரில் படகிலிருந்து விலகிப்போய், தண்ணீரை விழுங்கி, அம்மா அம்மா என்று அலறிக்கொண்டிருந்தான். சிக்னே கவிழ்ந்த படகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஐலா அவளை நெருங்கியபோது, அவள் நிதானமாகவே சொன்னாளாம்: "எனக்கு ஒண்ணுமில்லை, மிஸஸ் கொர்பெலா. முதல்ல டெரிலைத் தூக்குங்க."

அந்த அலையில் யாரையும் உள்ளே ஏற்ற முடியாது. ஏற்றினால் நாலு பேரும் தண்ணீரில்தான். ஐலா டெரிலைத் தன் படகின் பின்முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கேரனும் அவளுமாகத் துடுப்புப் போட்டு அவனைக் கரைக்கு இழுத்துப் போனார்கள். காற்று எதிர்க்காற்று. கேரனை அவனோடு விட்டுவிட்டு ஐலா தனியாகத் திரும்பி வந்தபோது, சிக்னே அப்படியே படகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பாறைமேல் கிடத்தி, நெருப்பு மூட்டி, நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதி, என்னென்னவோ செய்தார்கள். தேடிக்கொண்டு திரும்பி வந்த ராய் அவளைப் பார்த்துவிட்டு, உதவிக்கு ஆள் கூட்டிவரப் போனான். ஆட்கள் வந்தபோது ஐலா அந்தப் பெண்ணின் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஷெரீஃப் விபத்து என்று எழுதினார். ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. சிக்னே வீட்டுக்குக் கொண்டுபோன மாதிரியே அவள் வீட்டுக்கும் சாப்பாடு செய்து கொண்டுபோனார்கள். அடக்கத்தன்று பாஸ்டர், நண்பனுக்காக உயிரைக் கொடுத்த பிள்ளை என்று பேசினார். சர்ச் முழுக்க அழுதது. சிக்னேயின் அம்மா வெர்னா அழவில்லை. டெரில் வெளியே போய் வாந்தி எடுத்தான். அடுத்த வருஷமே படிப்பை விட்டுவிட்டுக் காகித ஆலைக்கு வேலைக்குப் போனான். தெருவில் எங்கள் யாரைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்வான்.

செப்டம்பரில் ஐலா வேலைக்குத் திரும்பினாள். ஒரு வருஷம் அவள் வாயிலிருந்து சமையல் விஷயம் தவிர ஒன்றும் வரவில்லை.

மறு வருஷம் ஜூனில், நாங்கள் அடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் வெர்னா வந்து நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. அந்தச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போ," என்றாள் ஐலாவிடம்.

"நீ படகுல உட்கார்ந்ததே இல்லையே, வெர்னா."

"அவளும்தான் ஒரு நாள் முதல் தடவையா உட்கார்ந்தா. எப்ப போகலாம்?"

போனார்கள். அங்கே நடந்ததை ஐலா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து, ஒரே ஒரு தடவை.

வெர்னாவுக்குக் கையெல்லாம் கொப்புளம். மூட்டையைத் தான் தூக்குவதாக ஐலா சொன்னாலும் விடவில்லை. அந்தப் பாறைக்கு வந்ததும் அதன்மேல் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ கடைசியா சொன்னதை அப்படியே சொல்லு."

ஐலா சொன்னாள்.

"தியாகம்னாரே பாஸ்டர். தியாகமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவளுக்கு அது பழக்கம். நூத்திரண்டு டிகிரி ஜுரத்துலகூட எனக்கு ஒண்ணுமில்லம்மான்னுதான் சொல்லுவா. அவங்க அப்பா விட்டுட்டுப் போன அன்னிக்கும் அதையேதான் சொன்னா. நீ ஒன்பது வருஷம் அவ தட்டுல சோறு போட்டவ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் ஐலா. "கறி குறைஞ்சா பின்னால நிக்கிறவனுக்குப் போடுங்கம்பா."

"தெரிஞ்சும் நம்பினே."

"நம்பினேன்."

 வெர்னா அழுதாளா என்று நான் கேட்டேன். "ரெண்டு பேருமே அழலை. கொசு பிடுங்கி எடுத்துச்சு," என்றாள் ஐலா.

மறுநாள் காலை காற்று. ஐலா படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு," என்றாள் வெர்னா.

"இருக்கட்டும்."

"லீவு சொல்லலை. வேலை போயிடும்."

"போனா போகட்டும். நான் படகை எடுக்க மாட்டேன்."

வெர்னா அவளை வெறித்துப் பார்த்தாள். "இந்தப் பிடிவாதம் அன்னிக்கு எங்கடி போச்சு?"

ஐலா படகுக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினாள். அன்றும் அதற்கு மறுநாளும் ஒரே கூடாரத்தில், ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஏரி கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் ஐலா படகை இறக்கினாள்.

அதனால் அவர்கள் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. வெர்னா அந்த இலையுதிர்காலமே தங்கையோடு இருக்க டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். சர்ச் அந்தப் பயணங்களை நிறுத்தியது. ஐலா பிறகு ஏரிப்பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவது பிள்ளை, போதும், வேண்டாம் என்றால், கரண்டியைப் பிடித்தபடி அதன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வரிசை நின்றுபோகும். பிள்ளைகள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன் என்றார். நான் சொல்லவில்லை.

போன மார்ச்சில் ஐலா செத்துப்போனாள். மண் உறைந்து குழி தோண்ட முடியாததால் அடக்கத்தைத் தள்ளிவைத்து, பிரார்த்தனை மட்டும் நடத்தினோம். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கடைசி வரிசையில் வெர்னா இருந்தாள், கிழவியாகி, கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல். சர்ச்சின் கீழ்த்தளத்துக்குக் காபி குடிக்க எல்லாரும் இறங்கியபோது அவள் வாசலுக்கு நடந்தாள். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

"ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போயேன், வெர்னா."

"பஸ் போயிடும்."

"இவ்வளவு தூரம் வந்திருக்கே. அவளை மன்னிச்சிட்டியா?"

"இல்லை," என்றாள் கையுறையை மாட்டிக்கொண்டே. "ஆனா என்னைப் பத்திரமா கரை சேர்த்தா இல்லையா, அதுக்கு வந்தேன்."

படியில் பனி வழுக்கியது. கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பற்றி மெல்ல இறங்கிப் போனாள்.