கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிறவங்க

கொலை பண்றது சுலபம். யார் பண்ணாங்கன்னு வெளிய தெரியாம பாத்துக்கறதுதான் கஷ்டம். துப்பறியும் நாவல் எழுதிப் பாத்த சகபாவிகளுக்கு இது தெரியும். என் நாவல்ல யுத்த காலத்துத் திருச்சி. குண்டு விழும்னு ஊரே விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருக்கிற ராத்திரி, ஸ்ரீரங்கத்து வீடு ஒண்ணுல அரிசி குடோன் குமாஸ்தா செத்துக் கிடக்கார். வீட்டுல இருந்தவங்க மூணு பேரு: விருந்தாளியா வந்த டாக்டர், கான்ட்ராக்டர், அந்த வீட்டு சமையல்காரர். என் ஆசை ஒண்ணே ஒண்ணுதாங்க. யாராவது ஒருத்தர் இதை வரிசையா படிச்சு, முடிவுல திடுக்குனு நிமிரணும்.

சாம்பார்

ஸ்ரீரங்கத்துல ரிடையரான பேங்க் மாமா ஒருத்தர் "வாசிச்சாச்சு, வாரும்"னு போன் பண்ணினார். ஓடினேன். ரத்தக்கொதிப்பு இருக்கறதால முடிவை முதல்லயே பாத்துட்டாராம். கொலையைப் பத்தி மூச்சு விடல.

"அவன் யாரை வேணா கொன்னுட்டுப் போறான் ஓய். ஏகாதசி அன்னிக்கு அந்த ஆத்துல வெங்காய சாம்பார் கொதிக்கறதுன்னு எழுதியிருக்கீரே, அதை யார் விசாரிக்கறது?"

புத்தகக் கண்காட்சி

காட்டூர்க்காரர் ஒருத்தர் ஸ்டால்ல நின்னபடியே பின்னட்டையை ரெண்டு தடவை படிச்சார். நல்ல சகுனம்னு நெனச்சேன்.

"கொலைகாரன் யாருன்னு சொல்லுங்க. புடிச்சிருந்தா வாங்கிக்கறேன்."

வீட்டுக்குள்ளயே

என் வீட்டுக்காரம்மாவுக்கு நாவல் மேல ரொம்பப் பெருமை. வர்றவங்களுக்கெல்லாம் காபியோட ஒரு காப்பியும் குடுப்பாங்க, கூடவே ரெண்டு வார்த்தையும். ஒருநாள் ஆத்திரத்துல சத்தம் போட்டுட்டேன்.

"நான் எங்கங்க சொன்னேன்? டாக்டரை மட்டும் நம்பிடாதீங்கன்னேன், அவ்வளவுதான்!"

முசிறி

கடைசியில ஆள் கிடைச்சாங்க. முசிறியில ஒரு டீச்சர். "சார், எட்டிப் பாத்துடக் கூடாதுன்னு கடைசிப் பக்கங்களுக்கு கிளிப் போட்டுப் படிச்சேன். இப்ப கிளிப்பை எடுத்தா விசாரணை பாதியிலயே நிக்குது!" பைண்டிங்ல கடைசிப் பதினாறு பக்கம் விட்டுப் போயிருக்கு. ஒழுங்கா படிச்ச ஒரே ஆளு, அவங்க புக்குல முடிவு இல்ல. போன்லயே சொல்லட்டுமான்னேன். "ஐயோ, வேணாம் சார்"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே வேற காப்பியோட பஸ் ஏறிட்டேன்.

வாசல்ல நின்னபடியே படிச்சாங்க. நான் அவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன். நிமிர்ந்தாங்க. திடுக்கிடல.

"டாக்டரா? விளக்கணைச்ச ராத்திரி, டார்ச் இல்லாம, வெளியாளுக்கு அந்த வீட்டுல வழி தெரியுமா சார்? தினமும் விடியறதுக்கு முன்னாடி இருட்டுல எழுந்து அடுப்பு மூட்டுறது யாரு?"

ராத்திரி ஸ்கூல்ல படிச்சவன், இருட்டைப் பத்தி எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன். அவங்களே புக்கை மூடிட்டு ஆறுதலா சொன்னாங்க:

"நான் சமையல்காரர்னுதான் முடிவு பண்ணியிருந்தேன். ஏகாதசிக்கே வெங்காயம் போட்டவன் சார், எதுக்கும் துணிஞ்சவன்."

ரெண்டாம் பதிப்புல சமையல்காரர்தான் கொலைகாரர்னு மாத்திட்டேன். புக்கு இன்னும் பிரஸ்லேருந்து வரல, அதுக்குள்ள எங்க வீட்டுக்காரம்மா எல்லார்கிட்டயும் "டாக்டர் ரொம்ப நல்லவருங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சாச்சு.