குல்பாகா கேட்டு வாங்கிய அடி

பனாஸ் குல்பாகா சிச் கோட்டையில் இருபது வருடம் கொசாக்குப் போர்வீரர்களுக்குத் தினைக்கூழ் காய்ச்சினான். கூழ் அடிப்பிடித்த நாட்களில்கூட அவனை யாரும் கொல்ல நினைத்ததில்லை. இடையில் ஒரே ஒரு வருடம் அவர்களுடைய தலைவனாக, அத்தமானாக இருந்தான்.

அத்தமான் பதவிக்குப் புத்தாண்டு அன்று மைதானத்தில் கூச்சல் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காமல் போனால் அதே மைதானத்தில் தடியால் தீர்த்துக்கட்டுவார்கள். கடைசி நான்கு பேரும் இரண்டாவது வருடத்தைத் தாண்டவில்லை. ஒருவனை மணல்மூட்டையோடு சேர்த்துத் தைத்து தினிப்ரோ ஆற்றில் இறக்கினார்கள். நான்கு கருமாதிக்கும் கூழ் பனாஸ்தான்.

ஐந்தாவதாக அவன் பெயரைக் கத்தியவன் படகோட்டி சாவ்கா.

"நம்ம குல்பாகா அண்ணன்தான் சரி. யாருக்கும் ஒரு கரண்டி கூடவும் போடமாட்டான், குறையவும் போடமாட்டான்."

பதவிச் சின்னமான கதாயுதத்தை நீட்டினார்கள். இரண்டு தடவை மறுப்பது மரியாதை, பனாஸ் மறுத்தான். கூட்டம் மகிழ்ந்தது. மூன்றாவது தடவையும் மறுத்தான்.

"ஐயா, நெசமாவே வேணாம்யா. அடுப்புல கூழ் இருக்கு."

"சபை குடுக்குறத வேணாங்கிறியா? அவ்வளவு திமிரா?" என்றான் சாவ்கா.

மூன்று விலா எலும்புகளும் இரண்டு பற்களும் போன பிறகு பனாஸுக்குப் பதவியில் ஆசை வந்தது. வழக்கப்படி தலையில் பனிச்சேறு பூசி, குடுமியில் வழிய வழியத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வசந்தத்தில் கருங்கடலுக்குக் கொள்ளையடிக்கப் போனார்கள். முதல் படகில் அத்தமான் நிற்க வேண்டும், நின்றான். துருக்கிக் கப்பலில் ஏறியபோது ஒருவன் அவனுடைய இடக்கையில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தான். வாளைவிடக் கரண்டி பழகிய கை. இடுப்பில் செருகியிருந்த இரும்புக் கரண்டியால் வெட்டியவன் முகத்தை உள்ளே தள்ளினான் பனாஸ். மேல்தளத்தில் ரத்தத்தில் வழுக்கி, வெட்ட வந்தவனும் வெட்டுப்பட்டவனும் ஒன்றாக உருண்டார்கள். கரையோர ஊரை எரித்தார்கள். போன நூற்றிருபது பேரில் எழுபது பேர் திரும்பினார்கள், பட்டுத்துணிகளோடு.

"அடுத்த வருஷமும் நீதான்ணே," என்று கட்டிப்பிடித்தான் சாவ்கா. பனாஸுக்கு மணல்மூட்டை நினைவுக்கு வந்தது.

அடுத்த புத்தாண்டு வந்தது. பழைய அத்தமான் என்பதால் முதலில் அவன் பெயரையே கத்தினார்கள். வாய் மூடுவதற்குள் பனாஸ் பாய்ந்து கதாயுதத்தைப் பிடுங்கினான்.

"குடுங்கடா. எனக்குத்தான். வேற எவனுக்குத் தகுதி இருக்கு இங்க?"

ஒரு கிழவர் காறித் துப்பினார்.

"ஒரு தடவையாச்சும் வேணாம்னு சொல்ல மாட்டியாடா, வெக்கங்கெட்டவனே?"

"எதுக்குச் சொல்லணும்? வேணுமே."

தடிகள் இறங்கின. பேராசைக்காரனைக் கொல்லும் வழக்கம் கிடையாது. அடித்து விரட்டுவதோடு சரி. இடக்கை மூன்று இடத்தில் முறிந்தது. சமையல்கூடம் வரை உதைத்துக்கொண்டே வந்து உள்ளே தள்ளினார்கள்.

புது அத்தமான் சாவ்கா. முறையாக இரண்டு தடவை மறுத்து, மூன்றாவதில் கண்கலங்க ஏற்றுக்கொண்டான். மறு வருடம் பனி உருகும்போது அவனை ஆற்றில் இறக்கினார்கள்.

கருமாதிக் கூழைப் பனாஸ் வலக்கையால் கிண்டினான். வளைந்த இடக்கையைக் காட்டி ஒரு புதியவன் கேட்டான்.

"இது என்னண்ணே?"

"பதவி ஆசை, தம்பி," என்றான் பனாஸ். "கிண்ணத்தை நீட்டு."